பின்னால் நடந்த ரைட்டர்

எங்கள் ஏற்காடு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். காலையில் ஆள் பேர் எழுதும்போது ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அப்படிப்பட்ட மனிதர் முப்பத்தெட்டு வயதில், கல்யாணமும் ஆகாமல், தன்னோடு டாங்கோ என்கிற வெள்ளைக்காரர் ஜோடி நடனம் ஆட ஒரு பெண் கிடைப்பாளா என்று ஊர் ஊராகப் போய்த் தேடினார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பித்தான் ஆக வேண்டும். அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போன டிரைவர் நான்தான்.

எல்லாம் எங்கள் மேனேஜர் தொரையால் வந்த வினை. எழுபத்தொன்றாம் வருஷம் அவரை ஒரு புத்தாண்டு நடனத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொரைக்கு டாங்கோ பாதி மறந்துபோயிருந்தது. பழகிப் பார்க்கலாம் என்றால் பங்களாவில் அவரும் ஒண்டிக்கட்டை. மாலையில் ஆள் கணக்குச் சீட்டுக் கொடுக்கப் போன ரைட்டர் அகப்பட்டுக்கொண்டார். கிராமபோனில் இசைத்தட்டு சுற்றும். தொரை ரைட்டரின் கையைப் பிடித்து, முதுகில் இன்னொரு கையை வைத்து, முன்னால் வருவார். ரைட்டர் பின்னால் போவார். தொரை முன்னால் வந்தால் மற்றவர்கள் பின்னால் போவது எஸ்டேட்டில் புதுச் சங்கதி இல்லையே, அதனால் ரைட்டருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்த நடனமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

இப்படியே மூன்று டிசம்பர் போனது. தொரை மாற்றலாகிப் போகும்போது கிராமபோனையும் தட்டையும் ரைட்டருக்கே கொடுத்துவிட்டார். ரைட்டருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "தட்டு முடியற வரைக்கும் ஒரு பொம்பளையோட முழுசா ஆடிப்போடோணும் மாதையா, ஒரே ஒருக்கா" என்பார் என்னிடம். தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. இவ்வளவு சுத்தமாகக் கற்ற ஒன்றை ஒருமுறைகூடச் சபையில் செய்யவில்லையே என்ற குறைதான். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

வருஷம் ஒருமுறை காப்பிக்கொட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் மில்லுக்குப் போவோம். மூட்டையோடு ரைட்டரும் வருவார். பக்கத்தில் போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. சனிக்கிழமை மாலையில் ஒரு கூடத்தில் கூடி, கிராமபோன் வைத்து ஆடுவார்கள். ரைட்டருக்குத் தெரிந்த ரயில் கார்டு மரியதாஸ் அவரை விருந்தாளி என்று சொல்லி உள்ளே அழைத்துப் போவார். நான் ஜன்னலுக்கு வெளியே பசியோடு நிற்பேன்.

முதல் வருஷம் ஐந்து பெண்களிடம் போய்க் குனிந்து கேட்டார். ஒருத்திக்குக் கால் வலி, ஒருத்திக்குத் தாகம், மற்ற மூவருக்கும் திடீரென்று கூடத்தின் மறுகோடியில் வேலை வந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம், தலையில் தேங்காய் எண்ணெய் வழிந்ததுதான் காரணம் என்று சாதித்தார். அடுத்த வருஷம் எண்ணெய் வைக்காமல் வந்தார். தலைமுடி முள்ளம்பன்றி மாதிரி நின்றது. அந்தத் தடவை வயதான அம்மாள் ஒருத்தி இரக்கப்பட்டு எழுந்து வந்தாள். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் அவள் பின்னால் போனாள், இவரும் பின்னால் போனார். கோர்த்த கைகள் நீண்டன. ஈரச் சேலையை இரண்டு பேர் உதறி மடிக்க நிற்பார்களே, அப்படி நின்றார்கள். அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டு தொளதொளவென்று இருந்ததால்தான் அவள் பயந்துவிட்டாள் என்றார் ரைட்டர். ஏற்காடு டெய்லரிடம் கோட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போகிற சாக்கில் ஜோலார்பேட்டைக்குப் போய், அங்கே ரயில்வேக்காரர்கள் ஆடும் கூடத்திலும் முயன்று பார்த்தார். அங்கேயும் ஈரச் சேலைதான். போதும், இதோடு விட்டுவிடுங்கள் என்று நானே கெஞ்சினேன். எழுபத்தேழில் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது, இதுதான் கடைசி, இந்தத் தடவையும் நடக்காவிட்டால் தட்டை உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

அன்றைக்குக் கூடத்தின் ஓரத்தில் நல்ல உயரமாக ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. ரைட்டர் அவள் தோள் உயரம்தான் இருப்பார். அவர் ஒவ்வொருத்தியிடமும் போய்த் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மரியதாஸின் மனைவி தயவில் இரண்டு எட்டு கிடைத்தது. இருவரும் பின்னால் போனார்கள், கை நீண்டது, விட்டுப்போனது. ரைட்டர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதுவரை மூன்று வருஷமாகச் சிரித்ததற்கு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

நர்ஸ் எழுந்து நேராக அவரிடம் வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க தொரைங்க."

"அவரு முன்னால வருவாரு, நீங்க பின்னால போவீங்களா?"

"ஆமாங்க. தொரை முன்னால வந்தா பின்னாலதானுங்களே போகோணும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பெண் போடுகிற அடி, அவர் இத்தனை வருஷமும் பெண்ணாகவே ஆடிக்கொண்டிருக்கிறார் என்று பக்குவமாகச் சொன்னாள். ரைட்டரின் முகம் சுண்டிப்போனது. கோட்டைக் கழற்றப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கு ஆம்பளை அடி மட்டுந்தானுங்க தெரியும். சின்னதுலருந்து பொண்ணுங்க ஆஸ்டல். பொண்ணும் பொண்ணுந்தான் ஆடோணும். நான் நொம்ப ஒசரம், எப்பவும் என்னையே ஆம்பளையா நிறுத்திப் போடுவாங்க. வாங்க."

ஆடினார்கள். அவள் முன்னால் வந்தாள், அவர் பின்னால் போனார். கூடமே சிரித்தது; பிறகு சிரிப்பு நின்றது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவர்களைப் போல அங்கே யாரும் ஆடவில்லை. தட்டு முடியும்வரை ஆடினார்கள். முடிந்த பிறகுதான் எந்த ஊர் என்று அவள் கேட்டாள். ஏற்காடு என்றார். அவள் படித்த ஆஸ்டலும் ஏற்காட்டில்தான். எங்கள் எஸ்டேட் வேலியிலிருந்து மூன்று மைல். அவள் பேர் ஆரோக்கியசெல்வி.

திரும்பும்போது சேலம் தாண்டினோம். மலைப்பாதையில் பாதி ஏறின பிறகு ரைட்டர், நர்ஸ் வேலைக்கு ஏற்காட்டுக்கு மாற்றல் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். லாரி டிரைவரிடம் கேட்கிற கேள்வியா அது?

அடுத்த மே மாதம் மாதா கோயிலில் கல்யாணம். விருந்து எஸ்டேட்டிலேயே, காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தில். கிராமபோனைக் கொண்டுவந்து வைத்தது நான். களத்தின் மூன்று பக்கமும் ஜனம், நாலாவது பக்கம் சுவர் கிடையாது; நேராக ஓர் ஆள் உயரப் பள்ளம். செல்வி முன்னால் வர, ரைட்டர் அந்த விளிம்பை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். "சாமி, பாத்து" என்று கொட்டை பொறுக்கும் பாவாயி பதறினாள். நானும் எழுந்துவிட்டேன். விளிம்புக்கு இரண்டடி இருக்கும்போது செல்வி அவரை மெல்லத் திருப்பினாள்.

எழுத்து பிசகுகிறதா என்று ஒவ்வொரு பக்கத்தையும் நாலு தடவை பார்க்கிற மனிதர், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.