பாதி எப்படி ஒன்றானது

மீன்சுருட்டி ஆண்டாயிக்குக் கடைக்காரர் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டாலும் ஆகாது. எதையோ குறைத்துவிட்டுத்தான் இதைப் போடுகிறார் என்று பருப்பை மறுபடி நிறுக்கச் சொல்வாள். புருஷன் செத்த வருஷம் பங்காளிகள் அவள் மனைக்குள் வேலியைத் தள்ளிப் போட்டார்கள். அன்று பிடித்த சந்தேகம் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடப் பிறந்தவளையும் அது விட்டுவைக்கவில்லை.

அதே ஊர் வைத்திலிங்கத்தின் வெள்ளாடு ஒன்றை ஆண்டாயி வாரத்துக்கு வளர்த்தாள். ஆடு அவருடையது, மேய்ப்பு இவளுடையது, போடும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. இரண்டாயிரத்தொன்றில் முந்திரிக்காட்டில் வழுக்கி விழுந்து ஆண்டாயி காலை முறித்துக்கொண்டாள். ஆட்டைத் தங்கை பரிமளாவிடம் ஒப்படைத்து, "என் பங்குல பாதிய நீ எடுத்துக்கடி" என்றாள். சொந்தமாக ஒரு கோழிகூட இல்லாத பரிமளாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

ஆடு இரண்டு ஈற்றில் நாலு குட்டி போட்டது. இரண்டை வைத்திலிங்கம் ஓட்டிப் போனார். மிச்சம் இரண்டில் ஒன்றைப் பரிமளா அக்காவிடம் கொண்டுவந்தாள்.

"போன வருஷமும் பாதிதான், ரெண்டு குட்டி வந்துச்சு. இந்த வருஷமும் பாதிதான். எப்படிடி ஒண்ணாச்சு?"

"போன வருஷம் நாலுல பாதிக்கா. இப்ப அந்த ரெண்டுல பாதி."

"பாதின்னா பாதிதான். இன்னொண்ண எந்தச் சந்தையில வித்த?"

நாலைப் பாதியால் பெருக்கினால் இரண்டு, இன்னொரு பாதியால் பெருக்கினால் ஒன்று. பெருக்கினால் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு இது திருட்டுக்கணக்காகத்தான் தெரியும். ஆண்டாயி ஜெயங்கொண்டம் சந்தைவரை ஆள்விட்டு விசாரித்தாள். பரிமளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன் குட்டியையும் இழுத்துவந்து அக்கா வாசலில் கட்டினாள்.

"இதையும் வச்சுக்க. இனிமே உன் வூட்டுப் படி ஏற மாட்டேன்."

இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாளே, இன்னும் எத்தனையை ஒளித்து வைத்திருக்கிறாளோ என்றுதான் ஆண்டாயி நினைத்தாள்.

தீபாவளிக்குத் தெருவில் பங்குக்கறி போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயும் ஆண்டாயியும் சேர்ந்து ஒரு கூறு வாங்கினார்கள். ஆண்டாயியே வாழையிலையில் இரண்டாகப் பிரித்தாள். சற்று நேரத்தில் மகள் வரவும், ஆண்டாயி தன் பங்கில் பாதியை அவளிடம் கொடுத்தனுப்பினாள். அடுப்பு மூட்டிவிட்டுச் சட்டியைப் பார்த்தவள் நேராகப் பொன்னுத்தாயிடம் போனாள்.

"ஒரு கூறுல பாதி இவ்வளவுதானா? நான் திரும்புன நேரத்துல எடுத்துட்டியா?"

"பிரிச்சது உன் கை. உன் பாதியிலதான் பாதி உன் மவளுக்குப் போச்சு. மிச்சம் கால் பங்குதான் இருக்கும், அரையாவா இருக்கும்?"

ஆண்டாயி தன்னையே சந்தேகப்பட்டது அன்றுதான். கறி சட்டியிலேயே கிடந்தது. வளர்ந்துவிட்ட குட்டியை அவிழ்த்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

"உன் குட்டிடி. நீ சொன்னதுதான் சரி. என் புத்திதான் கெட்டுப்போச்சு."

பரிமளா கயிற்றை வாங்கவில்லை. குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா திருப்பித் தர மாட்டியே நீ. இதுக்கு என்ன நோவு?"