இரண்டாம் ஹாலில் ஹிந்திப் படம்

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் படத்தின் முதல் பத்து நிமிடமும் தெரியாது, கடைசிப் பத்து நிமிடமும் தெரியாது. ஆனால் படம் எப்படி என்று ஊரே அவளிடம்தான் கேட்கும்.

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்களே, உங்களில் ஒருத்தி எழுதுகிறேன். என் பெயர் விஜி. வீடு மலேசியாவில், கெடா மாநிலத்துச் சிடாம் கிரி. வேலை சுங்கைப் பட்டாணியில், இரண்டே ஹால் உள்ள ஒரு சின்னத் தியேட்டரில். முதல் ஹாலில் பேய்ப் படமும் சண்டைப் படமும் ஓடும். இரண்டாம் ஹால் ஹிந்திப் படத்துக்கு. டிக்கெட் கொடுப்பது, கிழிப்பது, மாடிக்கு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் படத்தைப் போடுவது என்று அந்த ஹாலுக்கு எல்லாமே நான்தான். முதலாளி நஸீர் பாய். ஒட்டினாற்போல் இருக்கும் ரொட்டிக் கடையும் அவருடையதுதான்.

போன வருஷம் ஒரு நாள் பாய் கவுண்டருக்கு வந்தார். "விஜி, ஹிந்திப் படத்துக்கு ஆளே வரல. காதல் படம் ஒண்ணு, வாலிபால் படம் ஒண்ணு வாங்கியாச்சு. அது ரெண்டும் ஓடட்டும். அதுக்குப் பிறகும் நாற்காலி காலியா கெடந்தா ரெண்டாம் ஹால ஜிம்முக்கு விட்டுடுவேன். நீ ரொட்டிக் கடை கல்லாவுல உக்காந்துக்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஹிந்திப் படம் என்றால் எனக்கு உயிர்! பாட்டு ஆரம்பித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே ஆடுகிறவள் நான். என்னைக் கொண்டுபோய்க் கல்லாவில் உட்கார வைத்தால் எப்படி?

உனக்குத் தெரியாதா?

எங்கள் ஹிந்திப் படத்துக்கு வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? முக்கால்வாசி மலாய்க்காரப் பெண்கள்தான். அவர்களுக்குத் தலைவி ரொஹானி அத்தை, எங்கள் வாயில் மலாயில் மக்சிக் ரொஹானி. கோலா கெடாவில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். புதுப் படம் வந்தால் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுச் சின்னக் காரில் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். பாட்டு வந்தால் கூடவே பாடுவார். வசனம் வந்தால் நடிகைக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

காதல் படம் வந்த முதல் நாள், போஸ்டரில் ஹிந்தியில் என்னமோ எழுதியிருந்தது. மக்சிக் என்னைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொன்னார். எனக்கு ஹிந்தி வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ், மலாய், கவுண்டருக்கு வேண்டிய அளவு ஆங்கிலம். ஹிந்தி வசனம் புரிய வேண்டுமென்றால் நானும் கீழே ஓடும் மலாய் எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அதைச் சொன்னதும் மக்சிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார்: "நான் மலாய்க்காரி, எனக்கே ஹிந்தி வருது. நீ இந்தியப் பொண்ணு, உனக்கு வரல. உங்க அம்மா உன்னை என்னதான் சொல்லி வளர்த்தாங்க?"

வெங்காய ரகசியம்

காதல் படம் இரண்டாம் வாரம் படுத்துவிட்டது. ஹாலில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்து மக்சிக் ரொஹானி மறுபடி வந்தார். டிக்கெட் வாங்கியவர் உள்ளே போகாமல் கவுண்டரிலேயே சாய்ந்துகொண்டு, எங்கேயோ கேட்ட கதையை அவிழ்த்துவிட்டார்.

"மழைப் பாட்டு ஒண்ணு வருதே, அத எடுக்கும்போது ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதாம். அவன் தினமும் லேட்டா வந்து அவளக் காக்க வச்சிருக்கான். அந்தக் கோபத்துல, கட்டிப்பிடிக்கிற சீன் அன்னைக்கு அவ பச்சை வெங்காயத்தக் கடிச்சுத் தின்னுட்டு வந்து நின்னுட்டாளாம். பாட்டுல அவன் மூக்க மட்டும் பாருங்க!"

உண்மையோ பொய்யோ, கதை காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. முதல் ஹாலில் பேய் பார்க்க வந்தவர்கள்கூட டிக்கெட்டை மாற்றிக் கேட்டார்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் மூக்குக்காகவே திரும்பி வந்தார்கள். மழைப் பாட்டில் கதாநாயகன் முகத்தைத் திருப்பும் இடம் வந்ததும் ஹால் முழுக்க ஒரே கூச்சல். சந்தோஷத்தில் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். காட்சி முடிந்து வெளியே வந்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவருக்கு மட்டும் முகம் தொங்கிப் போயிருந்தது. "என்னண்ணே, படம் நல்லா இல்லையா?" என்று கேட்டேன். "அவன் கண்ணு கலங்குறதப் பாத்துட்டுப் போன வாரம் நானும் அழுதேன்லா. வெங்காயத்துக்கா அழுதேன்?"

எந்த பாஷை வேணும்?

வெங்காயம் நான்கு நாள் தாங்கியது. பிறகு மறுபடியும் காலி. பாய் வந்தார். ஜிம் நடத்துகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்க வருகிறாராம். "அன்னைக்குச் சாயங்காலக் காட்சி நெறைஞ்சா பாப்போம். இல்லன்னா சாவி அவருக்குத்தான்" என்று முடித்துவிட்டார். என் கையில் மிச்சம் இருந்தது வாலிபால் படம் ஒன்றுதான். பெரிய நடிகர் கிடையாது, காதல் கிடையாது, மழை கிடையாது. மலைக் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து வாலிபால் ஆடி ஜெயிக்கப் பார்க்கிற கதை. யார் வருவார்கள் என்று எனக்குக் கலக்கமாக இருந்தது.

வந்தார் லெட்சுமி அக்கா! லூனாஸ் ஊர்க்காரர். தொழிற்சாலை யூனிஃபார்மோடு வந்து போஸ்டர் முன்னால் நின்றார். அவருடைய தொழிற்சாலைப் பெண்கள் வாலிபால் குழுவுக்கு அவர்தான் கேப்டனாம். போன போட்டியில் பக்கத்துத் தொழிற்சாலையிடம் தோற்றதிலிருந்து பிள்ளைகள் பந்தையே தொடுவதில்லையாம். அவர்களுக்கு ரோஷம் வருகிற மாதிரி ஒரு படம் வேண்டும், ஞாயிறு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வேனில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். எனக்குக் கவுண்டரைத் தாண்டிக் குதித்து அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், "அக்கா, இது ஹிந்திப் படம், புரியுமா?" என்று கேட்டுவைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பந்து தரையில விழுந்தா பாயிண்ட்டு போச்சு. இதுக்கு எந்த பாஷைம்மா வேணும்?"

இரண்டு காலும் நல்லாத்தானே இருந்துச்சு?

ஹிந்திப் படத்தில் பாதியில் 'இடைவேளை' என்று ஒரு அட்டை வரும். எங்கள் தியேட்டரில் அது வரும், ஆனால் படம் நிற்காது. நிறுத்தினால் அடுத்த காட்சி தள்ளிப்போகும் என்பது பாய் போட்ட சட்டம். அட்டை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகும், கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை வாலிபால் படத்தின் சாயங்காலக் காட்சியில் அந்த அட்டை வந்தபோது மஃரிப் தொழுகை நேரம். பாதி ஹால் எழுந்தது. படம் நிற்கும் என்று நம்பிச் சிலர் தொழப் போனார்கள், சிலர் பாய் கடைக்குப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் தின்னப் போனார்கள். திரும்பி வருவதற்குள் இங்கே கதாநாயகி பேருந்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஊன்றுகோலோடு நிற்கிறாள்! ஹால் முழுக்க ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். கோபம் என் தலையில்தான் வந்து விடிந்தது. கையில் தே தாரிக் டீப் பொட்டலத்தோடு ஒரு பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் ரொட்டி திங்கப் போறப்ப அவளுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருந்துச்சு? அதுக்குள்ள என்னம்மா பண்ணீங்க?"

டேப்பைச் சுருட்டுங்க

ஞாயிற்றுக்கிழமை. லெட்சுமி அக்காவின் வேன் வந்தது, பின்னால் இன்னொரு வேனும் வந்தது. மக்சிக் ரொஹானி கருவாட்டுச் சந்தையில் பாதியைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். ஹால் நிறைந்துவிட்டது! நான் மாடியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பாயைத்தான் காணோம். வந்து பார்க்க வேண்டுமே, இந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமே!

அட்டை வந்தது. பாதி ஹால் எழுந்தது. இவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, கால் எப்படி ஒடிந்தது என்று தெரியாமல் கடைசி ஆட்டத்தைப் பார்ப்பதா? எனக்குத் தாங்கவில்லை. பாயின் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், மீதிப் பாதியும் எழுந்து போய்விட்டது.

அந்த நேரத்திலா பாய் வர வேண்டும்! ஜிம்காரரோடு கதவைத் திறந்தார். ஹாலில் விளக்கு எரிகிறது, திரை வெள்ளையாக இருக்கிறது, ஒரு ஆள் இல்லை. மூலையில் ஒரு குழந்தை மட்டும் அப்பா மடியில் தூங்குகிறது. நான் மாடியிலிருந்து இறங்கி ஓடி வருவதற்குள் ஜிம்காரர் டேப்பை எடுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். "பாய், கூட்டம் இருக்கு பாய், வெளியே போயிருக்காங்க" என்கிறேன். அழுகைதான் வருகிறது. பாய் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

அப்போது பாயின் கைப்பேசி அடித்தது. ரொட்டிக் கடையிலிருந்து. கடைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது: "பாய், எங்கேருந்து பாய் இவ்வளவு பேரு வந்தாங்க? மாவு தீந்துபோச்சு! மீ நூடுல்ஸும் தீந்துபோச்சு!" பாய் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நிற்க, இரண்டு கதவுகளும் திறந்து ஜனம் பொலபொலவென்று உள்ளே வந்தது. கையெல்லாம் பொட்டலம், வாயெல்லாம் பேச்சு. லெட்சுமி அக்காவின் குழு டேப்பைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய் உட்கார்ந்தது. நான் மாடிக்குப் பறந்தேன்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! கடைசி ஆட்டம். மக்சிக் ரொஹானி வசனத்தை மலாயில் கத்துகிறார், லெட்சுமி அக்கா "தூக்கு! தூக்குடி!" என்று தமிழில் கத்துகிறார், திரையில் அவர்கள் ஹிந்தியில் கத்துகிறார்கள். ஜிம்காரர் வாயைப் பிளந்துகொண்டு நடுவில் நிற்கிறார், மறைக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கடைசிப் பந்து எதிர் அணியின் தரையில் விழுந்தபோது ஹாலே எழுந்து நின்றது. தோற்றுப் போய்ப் பந்தைத் தொடாமல் இருந்த அந்தத் தொழிற்சாலைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் மாடியில் தனியாக நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

கீழே இறங்கி வந்தபோது பாய் கதவருகே நின்றிருந்தார். படத்தை நிறுத்தியதற்குத் திட்டப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் முதலில் ஜிம்காரரைப் பார்த்து, "தம்பி, டேப்பச் சுருட்டுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "விஜி, நாளையிலேருந்து இடைவேளைய இருபது நிமிஷம் விடு. கடைக்கு ரெண்டு ஆளு கூடுதலா போடுறேன்."

ஹிந்தி சினிமாவை ரொட்டி சானாய் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், நானே கண்ணால் பார்த்தேன்.