கடலைக் குழம்பில் விழுந்த நெத்திலிப் பொடி

பயறும் கடலையும் தின்று ஒரு மனிதன் மூட்டை தூக்க முடியுமா என்று என் காதுபட எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் கூடினால் ஓரமாக நின்றுவிடுவேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஊரின் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ஆற்றோரக் கிட்டங்கியில் அரிசி மூட்டை சுமக்கிற வேலை. எங்கள் மகள் காய்ச்சலில் கண்திறக்காமல் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மாரியம்மனுக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். ஒரு மண்டலம் கவிச்சியில்லாமல் இருந்தால்தான் காவடியைத் தொடலாம். அந்த ஒரு மண்டலச் சாப்பாடு என் பொறுப்பு.

மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அவர். அதற்காக வெறும் ரசத்தை ஊற்றி நான் ஒப்பேற்றவில்லை. காலையில் கேழ்வரகுக் களி. முளைகட்டிய பச்சைப்பயறில் தேங்காய் போட்டுச் சுண்டல். பிஞ்சுப் பலாவை மசாலாவில் பிரட்டி எடுத்தால் ஆட்டுக்கறி தோற்றுப்போகும். வாழையிலையில் மடித்து விற்கிற தெம்பே என்ற சோயாக் கட்டியை மெலிதாக நறுக்கிப் பொரித்து, புளியும் மிளகாயும் கூட்டித் தொக்கு. கொண்டைக்கடலைக் குழம்புக்கு மல்லியும் மிளகும் வறுத்து அம்மியில் அரைப்பேன். தோள்பட்டை வலிக்கும். வலித்தால் வலிக்கட்டும்.

கிட்டங்கியில் அவரைக் கேலி செய்வார்களாம். “குதிரை திங்கிறத நீ திங்கிற. நாளைக்கு வண்டியில உன்னையே பூட்டப்போறாங்க லா!” அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றுவாராம். எங்களோடு இருந்த அவருடைய அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“இதெல்லாம் சாப்பாடா? என் தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டான்.”

“நல்லாத்தான் இருக்காரு அக்கா.”

“உனக்கு என்னா தெரியும்?”

அடுத்த வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள் இருந்தார். பரம்பரை பரம்பரையாக இந்த ஊர்க்காரர். தமிழ் வராது, மலாய்தான் பேசுவார். விரதம் என்று கேள்விப்பட்ட அன்றே பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கிற அடுப்பைக் கொல்லையின் தூர மூலைக்கு மாற்றிக்கொண்டார். நான் கேட்கவே இல்லை.

விரதச் சமையலை ருசி பார்க்கக்கூடாது. உப்புகூடக் கைக்கணக்குத்தான். என் கணவருக்கென்று தனிச் சட்டி. சாமிக்குப் படைத்துவிட்டுப் பரிமாறினால் வழித்துச் சாப்பிட்டுவிடுவார், எனக்கு மிஞ்சாது. “இந்தக் குழம்பு மட்டும் எப்படி இவ்வளவு ருசி?” என்று ஒருநாள் கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு நாள், ஏதோ கவிச்சி வாடை அடிக்குதே என்றார். பக்கத்து வீட்டு அடுப்பாயிருக்கும் என்றேன்.

மண்டலம் முடியப்போகிற சமயம், ஒரு மதியம் வயிறு சரியில்லை என்று பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். முதல் கவளத்திலேயே நாக்கு சொல்லிவிட்டது. நெத்திலி.

அக்காவைப் பார்த்தேன். அவர் மறைக்கக்கூட முயலவில்லை.

“நீ தண்ணி பிடிக்கப் போறப்பல்லாம் ஒரு கரண்டி போட்டேன். பொடிதானே? மீனா போட்டேன்?”

“விரதம் அக்கா!”

“அவன் விழுந்து தொலைச்சா விரதம் வந்து தூக்குமா? கண்ணுக்கே தெரியாது. நீ வாய மூடு, சாமிக்கும் தெரியாது.”

இந்த ஊரில் கீரை வதக்கினாலும் இறால் தூள் போடாமல் இறக்கமாட்டார்கள். தூளாக்கிவிட்டால் அது மசாலா, மீன் இல்லை என்பது பலருடைய நினைப்பு. அக்காவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் என் மகளின் உயிருக்காகச் செய்த வேண்டுதல் அது. வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை. கணவர் தூங்கி எழுந்ததும் அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளும் எனக்கு அந்தப் பொடியாலதான் தெம்பு வந்துச்சா?”

அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. களி கிண்டிய கை, அம்மியில் தேய்ந்த தோள், ஊறிய கடலை, முளைவிட்ட பயறு எதுவும் கணக்கில் இல்லை. ஒரு கரண்டி நெத்திலிதான் அவரைத் தாங்கியதாம்! அக்கா முகத்தில் வெற்றி தெரிந்தது. “பாத்தியா தம்பி?”

காவடி அந்த வருஷம் இல்லையென்று ஆயிற்று. திருவிழாவன்று கூட்டத்தோடு நின்று, மற்றவர்களின் காவடிக்கு வழிவிட்டு ஒதுங்கினார். மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். பெண்கள் நின்ற பக்கம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்: “கடலையும் பயறும் போட்டா ஆம்பளைக்கு எங்க தெம்பு இருக்கும்? காவடி தூக்க முடியல, பாவம்.”

அத்தனை பேருக்கு நடுவில் என் குரலை நான் கேட்டது அன்றுதான்.

“தூக்க முடியாம இல்ல. இவங்க குழம்புல நெத்திலிய இடிச்சுப் போட்டாங்க. அதனாலதான் தூக்கல. கடலை தின்னு மூட்டை சுமந்த மனுஷன் அவரு!”

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெண் மட்டும் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “பொடிதானேம்மா? அதுக்காகவா காவடிய நிப்பாட்டினீங்க?”

மறு வருஷம் அவர் மறுபடி விரதம் இருந்தார். மண்டலம் முடியும்வரை தண்ணீர் பிடிக்க அக்காதான் போனார். நான் அடுப்பை விட்டு நகரவில்லை.