குளத்துக்குப் பூட்டு வாங்கித் தந்தவன்

எடையைக் குறைக்க நீந்தச் சொன்னார் மருத்துவர். பள்ளி நாட்களுக்குப் பிறகு, நாற்பத்தொன்பது வயதில், கேரள எல்லையில் வெள்ளறடை அருகே எங்கள் ஊர்க் குளத்தில் மறுபடி இறங்கினேன். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. ஆனால் பெண்கள் துணி துவைக்கும் சோப்பு நுரை தினமும் என் வாய்க்குள் போனது.

ஒருநாள் கத்தினேன். "இது குளமா, சாக்கடையா?"

துவைத்துக்கொண்டிருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் லீலா சிரித்தாள். "சாறே, உங்களுக்குத் தடி குறையணும், எங்களுக்குத் துணி வெளுக்கணும். ரெண்டுக்கும் குளத்துல வெள்ளம் உண்டு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் துவைத்தார்கள் என்று டைரியில் குறித்து, பஞ்சாயத்தில் மனுவாகக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் குளத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். துவைக்க மட்டுமல்ல, நீந்தவும் தடை. கொதித்துப்போய், திறக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன். கையெழுத்து கேட்டு லீலாவிடம் போனேன். அவள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

"உங்க முந்தின மனுவை பஞ்சாயத்து மெம்பர் வாசிச்சுக் காட்டினாரு. என் பேரு பதினொண்ணு தடவை இருந்துது. இனி ஒண்ணும் எழுதாண்டாம், சாறே."

வீட்டுக்கு வந்து முதல் மனுவின் நகலை எடுத்து எண்ணினேன். பதினொன்றுதான். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் பொங்குகிறது.