அரசன் தாவாத ஆட்டம்

பைக்காரா கரண்டு மில்லுகளுக்கு வந்த புதிது. எங்கள் கிணற்றிலோ இன்னும் மாடு கட்டி இறைக்கிற கவலைதான். அந்தக் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. அந்தக் கோடையில் தண்ணீர் அடியில் போய்விட்டது. ஒருவர் பருத்திக்குத்தான் காணும். முதல் முறை யாருக்கு? வாய்ச்சண்டை போட்டால் ஊர் சிரிக்கும் என்று சதுரங்கத்தில் தீர்த்துக்கொள்ள உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க, வெளையாட்டுல கொண்டுபோயி வெள்ளாமைய வெக்கறீங்களே?" என்றாள் அம்மா.

"என்னைய செயிச்சவன் இந்தச் சுத்துப்பட்டுல இல்ல. நீ போயி மோரு கொண்டா அம்மணி" என்றார் அப்பா.

காய்களில் ஒரு மந்திரி தொலைந்து, அந்த இடத்தில் மஞ்சள் கிழங்கு நின்றது. எனக்கு எழுத்துத்தான் வராது, ஆட்டம் அத்தனையும் வரும். ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரியப்பா பீளமேட்டு மில்லில் வேலை பார்த்தவர். "மில்லுல ஆடற மாதிரியே ஆடிக்கலாமுங்களா, தம்பி?" என்றார். எங்கள் பக்கம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' உண்டுதான். ஆனால் அண்ணன் தம்பிக்குப் போட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

"சிப்பாயி ரெண்டு கட்டம் போகும், அவ்வளவுதானுங்களே? ஆடுங்கண்ணா" என்றார் அப்பா.

எங்கள் வீட்டு ஆட்டம் அம்மி அரைக்கிற மாதிரி மெதுவாக நகரும். பெரியப்பா இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை வெட்டக் கொடுத்தார். பிறகு ஒரு குதிரையையும் கொடுத்தார். அப்பா சிரித்துக்கொண்டே வெட்டினார். வெட்ட வெட்ட அப்பாவின் அரசனுக்கு முன்னால் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. பெரியப்பாவின் மஞ்சள் கிழங்கு மந்திரி அங்கே வந்து நின்றது. 

அப்பா அசரவில்லை. எங்கள் ஆட்டத்தில், எதிராளி நம் அரசனை ஒரு தடவையும் தாக்காதவரை, அரசன் ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். அதை நம்பித்தான் அவ்வளவையும் வெட்டினார். அரசனை எடுத்து ஒரு தாவு தாவ வைத்தார்.

"மில்லுல அரசன் தாவறதில்லீங்க, தம்பி."

"அப்பொறம் என்னுங்கண்ணா பண்ணும்?"

"ஒரு கட்டம் நடக்குமுங்க. தொட்ட காய நவுத்தியே ஆவோணும்."

நடக்க ஒரே கட்டம்தான் இருந்தது. அப்பா அரசனை அங்கே வைத்தார். மந்திரி வந்து மடக்கிவிட்டது; ஆட்டம் முடிந்தது.

மில் ஆட்டத்தின் விதியை முழுதும் கேட்காமல் ஒப்புக்கொண்டது அப்பாதான். எழுந்து போய்க் கவலையிலிருந்து எங்கள் வடக்கயிற்றைத் தானே அவிழ்த்தார். இறைக்கிற நேரமானதால் எங்கள் மாடுகள் இரண்டும் யாரும் ஓட்டாமலே கிணற்று மேட்டுக்கு வந்து நின்றன. அப்பா கொம்பைப் பிடித்துத் திருப்பினார். அவை திரும்பவே இல்லை.

"ஓட்டிக்கிட்டுப் போங்க தம்பி, நேரமாவுதுங்க" என்றார் பெரியப்பா.