கூடாரத்துக்குள் கேட்ட குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. மொன்டானாவில் லாரி ஓட்டிப் பிழைக்கிறவன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் என் மகள் பிரிட்டாவைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பத்து வயது. விவாகரத்துக்குப் பிறகு அவள் என்னோடு தங்கிய முதல் கோடை அது.

"துப்பாக்கிய மட்டும் எடுத்துட்டுப் போகாத, ஆர்வின்" என்று அவள் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். நான் காதில் வாங்கவில்லை. கரடி நடமாடும் காடு, சட்டமும் தடுக்கவில்லை. ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கூடாரம் அடிக்கும்போது பக்கத்து இடத்துப் பெண்மணி வந்தாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"அத உள்ள வைக்கக் கூடாதா?"

"சட்டப்படிதாங்க வச்சிருக்கேன்."

"சட்டம் சரிதாங்க. எனக்குத் தூக்கம் வரணுமே."

பிள்ளைகளின் நாற்காலிகளைத் தூக்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிரிட்டா சிரித்தாள்.

"கரடிய விரட்ட உன் குறட்டையே போதும்ப்பா."

அன்று மாலைதான் ஆற்றோரம் கரடி திரிவதாகப் பூங்காக் காவலர்கள் எச்சரித்துப் போயிருந்தார்கள். ரிவால்வரில் குண்டு போட்டுத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

விழிப்பு வந்தபோது மணி இரண்டு நாற்பது. கூடாரத்துக்குள் அரையிருட்டு.

சரக்... சரக்...

வெளியே சரளைக்கல்லை எதுவோ மிதித்து வந்தது. நிதானமாக. நேராக எங்கள் கூடாரத்தை நோக்கி. பக்கத்தில் பிரிட்டாவின் தூக்கப்பை மேடாகத் தெரிந்தது. நல்லவேளை, தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

துணி உள்பக்கம் அழுந்தியது. ரிவால்வரை எடுத்தேன்.

சர்ர்...

ஜிப் கொஞ்சம் நகர்ந்தது. கரடிக்கு ஜிப் திறக்கத் தெரியாது. அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. குறி வைத்தேன். விரல் விசையில் அழுந்தியது.

"அப்பா... நான்தான்."

சின்னப் பெண்ணின் குரல்.

வாசலிலிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது...

விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஜிப் முழுவதும் திறந்தது. நிலா வெளிச்சத்தில், வெறுங்காலோடு, பிரிட்டா.

"பாத்ரூம் போனேன்ப்பா. உன்ன எழுப்ப வேணாம்னுதான் சத்தமே போடல."

"நீ... பேசலையா?"

"இல்லையே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"உள்ள யாருப்பா அழுறது?"

திரும்பினேன். அவளுடைய கோட்டும் தலையணையும் திணித்திருந்த தூக்கப்பை மட்டும் கிடந்தது. ஆனால் விசும்பல் எனக்கும் கேட்டது. பிறகு, மிக மெதுவாக...

"இந்தத் தடவ சொல்லிட்டேன்ல..."

அவ்வளவுதான்.

மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தேன். என் கையாலேயே அவளைக் கொன்றிருப்பேன். அதை நினைக்க நினைக்க அழுகை அடங்கவில்லை.

காலையில் ரோண்டா என்ற காவலர் ரோந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் மேசையோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பல வருஷம் முன்னாடிங்க. இதே இடம். ஒரு பொண்ணு, உங்க பொண்ணு வயசுதான், ராத்திரி வெளிய போயிட்டு வந்திருக்கு. அப்பாவ எழுப்ப வேணாம்னு வாயத் திறக்காம ஜிப்பத் திறந்திருக்கு. அவரு கரடின்னு நெனச்சு சுட்டுட்டாரு."

நான் பிரிட்டாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"அந்தக் குரல இன்னும் சிலபேர் கேட்டிருக்காங்க. எல்லாருமே துப்பாக்கியத் தலைமாட்டுல வச்சுத் தூங்கினவங்க."

"அவ அப்பா?"

"வருஷா வருஷம் வராரு. இங்கதான் படுக்குறாரு. கூடார வாசல மூடுறதே இல்ல. அவ ஒரு தடவ பேச மாட்டாளான்னு விடிய விடிய முழிச்சிருப்பாரு."

"கேட்டுச்சா அவருக்கு?"

ரோண்டா தலையசைத்தாள். இல்லை.

"அவருதான் அதுக்கப்புறம் துப்பாக்கியத் தொடுறதே இல்லையே."