கப்பல் முள்ளுக்கு மீன் தண்ணீர்

எங்கள் வளவில் நின்ற அந்த இரண்டு செடிகளுக்கும் தமிழில் பெயர் இருந்ததாக எனக்குத் தெரியாது. சீ பக்தோர்ன் என்று வெகுகாலம் கழித்து ஒருவர் சொன்னார். நாங்கள் கப்பல் முள்ளு என்றோம். என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தார். குளிர் தேசத்துக் கப்பல் ஒன்றின் சமையற்காரன் அவருக்கு ஒரு பிடி காய்ந்த பழம் கொடுத்திருந்தான். மற்றவர்கள் கப்பலில் இருந்து சவர்க்காரம் கொண்டு வருவார்கள், துணி கொண்டு வருவார்கள். இவர் கொண்டு வந்தது முள். என் உம்மா அன்று முழுக்கச் சிரித்தார்.

கிண்ணியாவில் எங்கள் வளவு வெறும் கடல் மணல். மரவள்ளிகூட அதில் முகம் சுளித்துக்கொண்டுதான் வளரும். ஆனால் அந்தச் செடிக்கு மணல்தான் வேண்டுமாம். பழத்தைப் பிசைந்து விதை எடுத்து, பால்மா டின்னில் போட்டு, வெயில் ஏறும் முன் நிழலுக்கு நகர்த்தி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முளைத்தவற்றில் இரண்டு தப்பிப் பிழைத்து இடுப்பளவு வந்தன. மெலிந்த சாம்பல் இலை, ஊசி முள். ஆணும் பெண்ணும் வேறு வேறு செடி, பூத்தால்தான் எது எதுவென்று தெரியும் என்றார்.

"ரெண்டும் ஆணாப் போனா?" என்று கேட்டேன்.

"அப்ப ரெண்டும் கடைத்தெருவில நிண்டு கதை அளக்கும்," என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கடுமையாக இருந்தார். சாணி போடக் கூடாது, மீன் தண்ணீர் ஊற்றக் கூடாது. பட்டினி கிடந்தால்தான் அது பிழைக்குமாம். எங்கள் ஊரில் இதை யாரிடம் சொல்வது? மீன் கழுவிய தண்ணீரைச் சும்மா கொட்டிவிட எங்கள் பெண்களுக்கு மனம் வராது. முருங்கைக்கு, எலுமிச்சைக்கு, கொச்சிக்காய்க்கு என்று பங்கு வைத்துத்தான் ஊற்றுவார்கள். அந்த இரண்டு செடிகளைச் சுற்றி மட்டும் அவர் கல் அடுக்கி எல்லை போட்டார்.

ஒரு நாள் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மையித்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நான் அழவில்லை. அழுகை வராததற்கு நான் என்ன செய்ய முடியும்? கல்லு மனசுக்காரி என்று பின்வளவில் யாரோ கதைத்தது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் மறைவில் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலை, ஒரு அறை, யன்னலுக்கு விரிப்பு. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்பதால் வளவுப் பக்கமும் போக ஏலாது. சாப்பாடு வரும், சாப்பிடுவேன். தொழுவேன். சுவரைப் பார்ப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் பெரியம்மா, "இத்தா முடிய நல்ல இடமொண்டு பாக்கோணும், சின்ன வயசுதானே," என்று உம்மாவிடம் சொல்வது கேட்கும். என்னைத்தான் சொல்கிறார்கள் என்பதே எனக்கு உறைக்காது.

அப்போதுதான் யன்னல் வழியாக மீன் வாடை வரத் தொடங்கியது. விரிப்பை விலக்கிப் பார்த்தேன். மாமி, அவருடைய தாய். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வீடு என்னுடையது, மாமியின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. தன் குசினியில் மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியில் எடுத்து, ஒழுங்கை நெடுகத் தளும்பாமல் சுமந்து வந்து, மகன் அடுக்கிய கல்லைத் தாண்டி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் அறைக்கு வந்தபோது சொன்னேன். "மாமி, அதுக்கு மீன் தண்ணி ஆகாதாம். அவர் சொன்னவர்."

"என்ட புள்ள நட்டது பசியோட நிக்கிறத என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது மகள்," என்றார்.

தினமும் வாடை வந்தது. ஊற்றி முடிந்ததும் மாமி என் அறையில் சற்று நேரம் இருப்பார். அவரும் அழுததில்லை. இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இத்தா முடிந்த அன்று குளித்து, நிறச் சேலை உடுத்திக்கொண்டு நேரே வளவுக்குப் போனேன். ஒரு செடி செத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. மற்றதில் மேல் கிளையில் கொஞ்சம் இலை இருந்தது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே மொட்டுகள் சின்னதாக முட்டிக்கொண்டு நின்றன. பூத்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் போன ஒன்று எனக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அத்தனை நாட்களில் நான் எதையாவது விரும்பினேன் என்றால் அது இதுதான்.

மாமி சட்டியோடு வந்தார். நான் வெளியே நிற்பதைக் கண்டு அவர் கால் தயங்கியது. பிறகு செத்த செடிக்கே போய்க் குனிந்தார்.

"மாமி, அது செத்துப் போச்சு."

"தெரியும் மகள். இலை கொட்டிக் கனநாள்."

"பிறகு ஏன் ஊத்துறீங்க?"

அவர் சட்டியைக் கீழே வைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீ இனி வேற வீட்டு மருமகள். எனக்கொரு பேரப்புள்ள இருந்திருந்தாலும் அதப் பாக்க எண்டு வரலாம். வெறுங்கையோட இந்தப் படலையத் திறந்தா, ஆர் நீ, என்னத்துக்கு வந்தாய் எண்டு கேக்க மாட்டாங்களா?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். பெரியம்மாவின் குரல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது, யாருக்கோ என் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியின் கையைப் பிடித்து மற்றச் செடிக்குக் கூட்டி வந்தேன்.

"இதுக்கு ஊத்துங்க மாமி," என்றேன். "இதுக்கு உயிர் இருக்கு. நாளைக்கும் கொண்டு வாங்க."